தக்காளிக்குப் புகை வேண்டும்

ஜூலை மாதத்து நடுப்பகல். வெளியே 28 டிகிரி வெயில். கண்ணாடிக் குடிலின் கூரைச் சன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. தக்காளிக் கொடிகளுக்கு நடுவே நாலு எட்டு வைத்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதே நேரத்தில், அதே குடிலின் பின்பக்கத்து அறையில் பாய்லர் எரிந்துகொண்டிருக்கிறது. நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்து வட்டாரத்தில் இது அதிசயம் அல்ல, கோடைக்காலத்து வாடிக்கை. சூட்டுக்காக எரிப்பதில்லை, புகைக்காக எரிக்கிறார்கள்.

செடிக்குச் சாப்பாடு காற்றிலுள்ள கரியமில வாயு. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. நல்ல வெயில் நேரத்தில், அடைத்த கண்ணாடிக்குள் நெருங்கி நிற்கும் தக்காளி அதையும் வேகமாக உறிஞ்சித் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் வளர்ச்சி மட்டுப்பட்டுவிடும். அதனால் அளவை 800, 1,000 என்று ஏற்றி வைப்பது அங்கே வழக்கம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவை எரித்தால் ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, மின்விசிறியால் தள்ளி, செடியின் காலடிக்கு அனுப்புகிறார்கள். எரித்ததில் வந்த சூடு பெரிய வெந்நீர்த் தொட்டியில் சேர்ந்து இரவுக்கு உதவும்.

இப்படிப்பட்ட அறை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவர் ஓசூரை அடுத்த தளிப் பக்கத்துக்காரர். ஊரில் ரோஜா பாலிஹவுஸில் சூப்பர்வைசராகத் தொடங்கி, தோட்டக்கலை படிக்க நெதர்லாந்து போய், அங்கேயே தங்கிவிட்டவர். பெயர் போட வேண்டாம் என்பது அவர் விருப்பம். பாய்லர், இன்ஜின், பம்பு, வால்வு, வாயுக் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. தக்காளி பறிக்கும் ஆட்களுக்கும் அவருக்கும் தொடர்பு குறைவு. “நான் தக்காளிக்கு அடுப்பெரிக்கிறவன் சார்” என்பார். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற பேச்சு வெஸ்ட்லாந்தில் சூடுபிடித்த காலம் முழுக்க அவர் அந்த அடுப்பின் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: “கேஸை விடுறதைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் சூட்டை மட்டும்தான் பேசறாங்க. ஒரே குழாயில கேஸ் மூணு சரக்கு கொண்டு வந்துச்சு. சூடு, கரண்ட், கரியமில வாயு. மூணையும் ஒண்ணாத் தர்ற மாத்து இன்னும் வரலை.”

அந்தக் குழாயின் கதை 1959இல் தொடங்குகிறது. வடக்கே க்ரோனிங்கன் மாகாணத்தில் ஸ்லோக்டரன் என்ற ஊருக்கு அருகே எரிவாயு கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று அது என்பது பிறகுதான் தெரிந்தது. அறுபதுகளில் நாடு முழுக்கக் குழாய் ஓடியது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக்கொண்டிருந்த கண்ணாடிக் குடில்காரர்கள் கேஸுக்கு மாறினார்கள். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு மலிவு விலை. வடகடல் காற்று வீசும், குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் ஒரு நாடு உலகத்துக்குத் தக்காளியும் குடைமிளகாயும் ஏற்றுமதி செய்வதற்குப் பின்னால், டச்சுக்காரர்களின் உழைப்போடு இந்த மலிவு கேஸும் இருக்கிறது. அதை அவர்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வதில்லை. இன்று அங்கே கண்ணாடிக் குடில்கள் சுமார் 10,000 ஹெக்டேர்.

பாய்லருக்கு அடுத்து வந்தது இன்ஜின். டச்சு மொழிச் சுருக்கத்தை அப்படியே வைத்து எல்லாரும் ‘வேகாகா’ என்பார்கள். கேஸில் ஓடும் பெரிய இன்ஜின், அதோடு இணைந்த ஜெனரேட்டர். எரிவாயுவின் சக்தியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மின்சாரமாகும். மீதியில் பெரும்பகுதி வெந்நீராகும். புகை செடிக்குப் போகும். மின்சாரத்துக்கு விலை ஏறும் நேரம் பார்த்து இன்ஜினை ஓட்டிக் கிரிடுக்கு விற்பார்கள். நாட்டின் மின் உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரை இந்தத் தக்காளிக்காரர்களின் கொட்டகைகளிலிருந்து வந்திருக்கிறது. காலையில் காபியோடு தக்காளி விலையைப் பார்க்கும் முன்னால் மறுநாள் மின்சாரச் சந்தை விலையைப் பார்க்கும் விவசாயிகள் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அந்த இன்ஜின் அறைக்குள் காதடைப்பான் இல்லாமல் நுழைய முடியாது. புகைபோக்கியின் வழியில் ஆளுயரத்துக்கு ஒரு வினையூக்கிப் பெட்டி நிற்கும். அதற்குள் யூரியாக் கரைசல் பீய்ச்சப்படும். நைட்ரஜன் ஆக்சைடு, எத்திலீன் போன்ற நச்சுகளை அங்கே கழித்த பிறகுதான் புகை செடிப் பக்கம் போகலாம். வழியில் உணர்கருவிகள் முகர்ந்து பார்த்து, சரியில்லை என்றால் வால்வைச் சாத்தி, புகையை வானத்துக்குத் திருப்பிவிடும். எத்திலீன் மிகச் சொற்ப அளவில் கலந்தாலே பூ உதிரும், இலைக்காம்பு கீழ்நோக்கி வளையும். நம் ஊரில் பழம் பழுக்க வைக்கும் அதே வாயுதான். காலையில் வந்ததும் நம்மவர் கணினித் திரைக்கு முன் உட்காருவதில்லை. நேராகக் குடிலுக்குள் போய், கொடியின் நுனியில் இரண்டு மூன்று இலைகளைப் பார்த்துவிட்டுத்தான் திரையைப் பார்ப்பார். செடித் தொட்டிகளுக்கு அடியில் ஊசித் துளைகள் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் நீளமாகக் கிடக்கும். வாயு வந்தால் அது உப்பி உருண்டு நிற்கும். நின்றால் துவண்டு தரையோடு படுத்துவிடும். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் அழுத்தம் தெரிந்துவிடும் என்கிறார்.

இத்தனை வசதியாக இருந்ததை ஏன் விட வேண்டும்? பருவநிலை மாற்றம் ஒரு காரணம். க்ரோனிங்கன் மக்கள் இன்னொரு காரணம். வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அங்கே தரை அமிழ்ந்து நில அதிர்வுகள் வந்தன. 2012 ஆகஸ்டில் ஹுய்சிங்கவில் 3.6 ரிக்டர் அளவில் ஒன்று. செங்கல் வீடுகளில் விரிசல் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் இழப்பீட்டுக்கு அலைந்தார்கள். உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து, 2023 அக்டோபர் 1 முதல் நிறுத்தி, 2024இல் சட்டம் போட்டு வயலையே மூடிவிட்டார்கள். வெஸ்ட்லாந்துக்கு வரும் கேஸ் இனி பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு.

மாற்றுக்கு அவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். 2007இல் ப்ளைஸ்வைக்கில் ஒரு தக்காளி விவசாயி சுமார் 1,700 மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, 60 டிகிரி வெந்நீரை மேலே கொண்டுவந்தார். நாட்டின் முதல் புவிவெப்பக் குடில் அது. நம்மவர் ஊருக்குப் போன் செய்து ஒரு டச்சு விவசாயி போர் போட்டதைச் சொன்னபோது, மாமா கேட்ட முதல் கேள்வி, “எத்தனை அடிடா?” ஐயாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் என்றதும் மறுமுனையில் சிரிப்பு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி இறக்கினாலே கடன் கழுத்தை நெரிக்கும் ஊர் அது.

நெதர்லாந்தில் கீழே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 30 டிகிரி சூடு ஏறுகிறது. இரண்டு, இரண்டரை கிலோமீட்டரில் மணற்பாறை அடுக்கில் 70 முதல் 90 டிகிரி வரை வெந்நீர் கிடைக்கும். ஒரு கிணறு போதாது, இரண்டு வேண்டும். ஒன்றில் எடுத்து, சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, குளிர்ந்த நீரை மற்றொன்றில் திருப்பி இறக்க வேண்டும். மேலே இரண்டு வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கீழே சாய்வாகத் தோண்டி, அடிமுனைகள் ஒன்றரை கிலோமீட்டர் வரை விலகும்படி வைப்பார்கள். அருகருகே இருந்தால் விட்ட குளிர்நீர் சீக்கிரமே எடுக்கும் கிணற்றுக்கு வந்துசேர்ந்துவிடும்.

மேலே வரும் நீர் குளிக்கிற வெந்நீர் அல்ல. கடல்நீரைக் காட்டிலும் உப்பு. இரும்பைத் தின்னும். அதில் கரைந்த எரிவாயு வரும், சில இடங்களில் எண்ணெயும் வரும், ஈயம் படியும். அந்தப் படிவில் இயற்கைக் கதிரியக்கம் உண்டு. அதனால் வடிகட்டி மாற்றுகிறவர்கள் முழுக் கவசத்தோடு நிற்பார்கள். டைட்டானியம் தகடுகள் அடுக்கிய வெப்ப மாற்றி ஒரு பக்கம் இந்த உப்புநீரையும் மறுபக்கம் குடிலின் சுத்தமான நீரையும் கலக்காமல் கடத்திவிடும். பல நூறு மீட்டர் ஆழத்தில் தொங்கும் பம்பு பழுதானால் ரிக் வரவழைத்துத்தான் தூக்க வேண்டும். ஜனவரியில் பழுதானால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பழைய பாய்லரை இன்னும் யாரும் கழற்றி விற்கவில்லை.

ஒரு ஜோடிக் கிணற்றுக்குச் செலவு கோடிக்கணக்கான யூரோ. தோண்டியும் போதுமான நீர் வராவிட்டால்? அந்தப் பயத்துக்காகவே 2009இல் அரசு ஓர் உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தது. 2012 முதல் புவிவெப்பத்துக்கு உற்பத்தி மானியமும் கிடைத்தது. மானியம் இல்லாமல் இந்தக் கிணறுகளில் பெரும்பாலானவை வந்திருக்காது. தனி முயற்சி, சந்தை என்று பேசும் நாடு இது. அதனால் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அப்படியும் தோல்விகள் உண்டு. நால்ட்வைக்கில் 2018இல் பெரிய எதிர்பார்ப்போடு நான்கு கிலோமீட்டர் வரை இறங்கினார்கள். பாறை இறுகிக் கிடந்தது, நீர் ஓடவில்லை. மேலே ஏறி வந்து 2.3 கிலோமீட்டர் அடுக்கில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சூட்டைப் பல பண்ணைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதே ஆண்டு தெற்கே லிம்பர்க்கில், க்ருபன்வார்ஸ்ட் பக்கம், கிணறுகளுக்கு அருகே நில அதிர்வு பதிவானதும் ஓட்டத்தையே நிறுத்த வேண்டிவந்தது. அதிர்வுக்குப் பயந்து கேஸை விட்டவர்கள் பூமிக்குள் மறுபடி கையை விடும்போது சுரங்கக் கண்காணிப்பு அதிகாரிகள் கடுமையாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

புவிவெப்பம் வந்ததும் நம்மவரின் வேலையே மாறிப்போனது. கேஸ் பாய்லர் சொன்ன நேரத்தில் எரியும், சொன்ன நேரத்தில் அணையும். கிணறு அப்படியல்ல. இரவும் பகலும் ஒரே சீராக ஓடினால்தான் அதற்கு நல்லது. திடீர்க் குளிருக்கு முடுக்கிவிட முடியாது. இன்னொன்று, திருப்பி அனுப்பும் நீர் எவ்வளவு குளிர்ந்து போகிறதோ அவ்வளவு லாபம். 70 டிகிரியில் வாங்கி 50 டிகிரியில் திருப்பினால் பணத்தை மண்ணுக்குள் அனுப்புவதாக அர்த்தம். ஆகவே வெந்நீர் முதலில் தக்காளி வரிசைகளுக்கு இடையே ஓடும் இரும்புக் குழாய்களுக்குப் போகும். 51 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட அந்தக் குழாய்கள்தான் பறிப்பு வண்டிக்குத் தண்டவாளமும். அங்கே சூடு இறங்கிய நீரைச் செடிக்கு நடுவே ஓடும் மெல்லிய குழாய்களுக்கும், கடைசியில் குறைந்த சூடு போதும் என்கிற பூப்பயிர்க்காரரின் குடிலுக்கும் அனுப்பி, உள்ளதை எல்லாம் கறக்க வேண்டும்.

அந்த நாட்களில் பண்ணையின் மூத்த பயிர்மேலாளரோடு நடந்த சண்டையை அவர் ரசித்துச் சொல்கிறார். பழைய தலைமுறையிடம் ஒரு பழக்கம் உண்டு: வெளியே இதமாக இருந்தாலும் குழாயைக் குறைந்தபட்சச் சூட்டிலேயே வைத்து, கூரைச் சன்னலை ஒரு கீற்று திறந்துவைப்பார்கள். செடி ‘சுறுசுறுப்பாக’ நீராவி விட வேண்டுமாம். கேஸ் மலிவாக இருந்தபோது அது யாருக்கும் உறுத்தவில்லை. வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் முன்னோடி விவசாயிகளும் சேர்ந்து ‘புதிய சாகுபடி’ என்ற பெயரில் இதைச் சோதித்தார்கள். அந்தச் சூட்டில் பெரும்பகுதி வீண், இரவில் வெப்பக்காப்புத் திரையை அதிக நேரம் மூடி வைத்து, ஈரத்தை மட்டும் அளவாக வெளியேற்றினால் போதும் என்று தெரிந்தது. மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “செடி என்னிடம் பேசும், உன் கணினித் திரையிடம் பேசாது” என்றாராம். அவர் பயந்ததற்கும் காரணம் உண்டு. விடியலில் காற்று வேகமாகச் சூடாகும், காய் மெதுவாகச் சூடாகும். அந்த இடைவெளியில் குளிர்ந்த காய்மேல் வியர்வை அரும்பும். இரண்டு மணி நேரம் அப்படி இருந்தால் சாம்பல் பூஞ்சை பிடித்துவிடும். கடைசியில் இருவரும் சமரசத்துக்கு வந்தார்கள். சூரியன் எழுவதற்கு முன்பே, மணிக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலாக, மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றினார்கள். கேஸ் கணிசமாகக் குறைந்தது, பூஞ்சையும் வரவில்லை.

சூடு தீர்ந்தது. புகை?

புவிவெப்பத்தில் புகை இல்லை. எல்லாரும் மெச்சும் இந்தக் குணம் தக்காளிக்காரருக்குத் தலைவலி. ரோட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டிப் பெர்னிஸில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் தயாரிக்கும்போது தூய கரியமில வாயு வெளியேறுகிறது. ரோட்டர்டாமுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே ஓடி, பயனற்றுக் கிடந்த ஒரு பழைய எண்ணெய்க் குழாயில் அதை ஏற்றி, 2005 முதல் குடில்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு ஓர் எத்தனால் ஆலையின் வாயுவும் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான பண்ணைகள் இந்தக் குழாயை நம்பித்தான் கோடையில் பாய்லரை அணைத்தன. ஆனால் எண்ணெய் ஆலை தக்காளிக்காக நடப்பதல்ல. அங்கே பராமரிப்பு என்று நிறுத்தினால், இங்கே வெயில் கொளுத்தும் நாளில், செடிக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில், அழுத்தம் விழும். பாய்லருக்குத் தீ வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொடக்கத்தில் சொன்ன ஜூலை நடுப்பகல் இதுதான்.

போட்டியும் வந்துவிட்டது. ரோட்டர்டாம் ஆலைகளின் கரியமில வாயுவை வடகடலுக்கு அடியில் காலியான எரிவாயு வயல்களில் புதைக்கும் போர்த்தோஸ் திட்டத்துக்கு 2023இல் இறுதி ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பிய உமிழ்வுச் சந்தையின் விதிப்படி, புதைக்கும் வாயுவுக்கு ஆலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. தக்காளிக்குக் கொடுத்தாலோ அது வெளியேறியதாகவே கணக்கு. எந்த ஆலை முதலாளி எந்தப் பக்கம் சாய்வார் என்பதற்குப் பெரிய பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. குப்பை எரிக்கும் ஆலைகளிலிருந்து வாயுவைப் பிடித்து, திரவமாக்கி, லாரியில் கொண்டுவரும் வேலையும் நடக்கிறது. டைவன் நகரின் ஆலையில் 2019இல் அது தொடங்கியது. குப்பையில் பாதி காகிதம், மரம், உணவுக் கழிவு என்பதால் அந்த வாயுவின் ஒரு பங்கு புதைபடிவ எரிபொருள் வகை அல்ல, செடியிலிருந்து வந்தது. கணக்குப் புத்தகத்தில் அது நல்ல வாயு. விலைதான் கைக்கு எட்டுவதில்லை.

2022 வந்தது. முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் மெகாவாட்-மணிக்கு 20 யூரோ அளவில் இருந்த கேஸ், அந்த ஆகஸ்டில் 300ஐத் தாண்டியது. முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள், வாங்கிய கேஸை எரிக்காமல் திருப்பி விற்றாலே தக்காளியைவிடக் கூடுதல் லாபம் என்று கண்டுகொண்டார்கள். ஒப்பந்தம் இல்லாதவர்கள் செடிகளுக்கு வெளிச்சம் தரும் விளக்குகளை அணைத்தார்கள், நடவைத் தள்ளிப்போட்டார்கள், சிலர் குடிலையே குளிர்காலம் முழுக்கக் காலியாக விட்டார்கள். 2023 பிப்ரவரியில் பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டுகளில் ஆளுக்கு இத்தனை தக்காளிதான் என்று அட்டை தொங்கியது. ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் வானிலை கெட்டது முதன்மைக் காரணம்; கண்ணாடிக்குள் விளக்கணைந்ததும் சேர்ந்துகொண்டது. கிணறு வைத்திருந்தவர்கள் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் ஓரளவு நிம்மதியாகத் தூங்கினார்கள். அதுவரை மானியக் கணக்கை வைத்துக் கிண்டலடித்தவர்கள் அடுத்த வசந்தத்தில் கிணற்றில் பங்கு கேட்டு வரிசையில் நின்றார்கள்.

சோலார் போட்டால் என்ன என்பது ஊருக்கு வரும்போதெல்லாம் அவரிடம் கேட்கப்படும் கேள்வி. ஒரு சதவீத வெளிச்சம் குறைந்தால் ஒரு சதவீத விளைச்சல் குறையும் என்பது டச்சுத் தக்காளிக்காரர்களின் பாலபாடம். கண்ணாடியின் சட்டத்தைக்கூட மெலிதாக்கி வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பவர்கள் கூரைமேல் பலகை வைக்க விடுவார்களா? அதனால் பலகைகள் பேக்கிங் கொட்டகையின் கூரையில் ஏறின. மழைநீர் தேக்கும் குளங்களில் மிதந்தன. அதில் வருவது பம்புக்கும் குளிரறைக்கும் உதவும். டிசம்பர் மாதத்து விளக்குச் சுமைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சோடியம் விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியதில் மிச்சமான மின்சாரம் அதைவிடப் பெரிது. ஆனால் சோடியம் விளக்கு தந்த சூடும் கூடவே போய்விட்டது. அதை மறுபடி குழாய் வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஓசூரின் கணக்கே வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், பக்கவாட்டுத் திரையைச் சுருட்டினால் காற்று வரும், காற்றோடு கரியமில வாயுவும் காசில்லாமல் வரும். பாய்லர் தேவையே இல்லை. பிப்ரவரி 14க்கு முந்தைய வாரங்களில் மின்சாரம் தின்பது ரோஜாவை 2 முதல் 4 டிகிரியில் வைக்கும் குளிரறை. அங்கே ஒரு பாலிஹவுஸ்காரர் அவரை உட்காரவைத்து, “அண்ணா, நெதர்லாந்து மாதிரி ஏதாவது ஐடியா சொல்லுங்க” என்று கேட்டபோது, முதலில் குளிரறைக் கதவின் ரப்பர் பட்டையைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அதை மாற்றுங்கள், சுவரில் காப்புப் பலகை எத்தனை அங்குலம் என்று பாருங்கள், பிறகு கொட்டகைக் கூரையில் சோலார் பற்றிப் பேசலாம் என்றார். கேட்டவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வெஸ்ட்லாந்துப் பண்ணையில் இப்போது அடிப்படைச் சூடு கிணற்றிலிருந்து வருகிறது. வேகாகா இன்ஜின் கழற்றப்படவில்லை. மாலையில் வெயில் இறங்கி, காற்றாலைகளும் ஓய்ந்து, மின்சார விலை எகிறும் சில மணி நேரம் அதை ஓட்டுகிறார்கள். அந்தப் புகை மறுநாள் காலைக்குச் சேமிக்க முடியாதது என்பதால் பெரும்பாலும் வீணாகிறது. காற்றிலிருந்தே கரியமில வாயுவைப் பிரிக்கும் பெட்டிகளை விற்கும் நிறுவனங்கள் பண்ணைக்கு வந்து போகின்றன. பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் அதை ஓட்ட ஆகும் மின்சாரத்தையும் சூட்டையும் கணக்குப் போட்டால் கிலோ விலை இன்னும் கட்டுபடியாகவில்லை என்கிறார். கிணற்றுச் சூடு கோடையில் சும்மா கிடக்கிறதே, அதை அந்தப் பெட்டிக்குக் கொடுத்தால் கணக்கு எப்படி வரும் என்று பண்ணை முதலாளி கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கைத்தான் நம்மவர் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார்.